நினைவுத் தட்டில் ராஜாவை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள்

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றினால், எங்காவது ஒரு பீங்கான் நினைவுத் தட்டு கண்ணில் படலாம். 1937-இல் ஆறாம் ஜார்ஜ் முடிசூடியது போன்ற ஏதாவது ஒரு விழாவுக்காகச் செய்திருப்பார்கள். என்னைக் கேட்டால், ரசிக்க வேண்டியது விளிம்பில் ஓடும் கட்டங்களையும் முக்கோணங்களையும்தான். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு இரண்டு கையாலும் எடுங்கள்.

முதலில், மடியில் வைத்து நடுவில் இருக்கும் ராஜா படத்தை உள்ளங்கையால் மறையுங்கள். விளிம்பில் ஒரே வடிவம் எத்தனை முறை வருகிறது? எண்ணுங்கள். 6, 12, 24 என்றால் காரணம் எளிது. வட்டம் போட்ட கவராயத்தின் அகலத்தை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே அடியெடுத்து வைத்துப் போனால், ஆறாவது அடியில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். 7, 11 என்று வந்தால் வரைந்தவர் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கிறார்.

அடுத்து ஒரு கட்டத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். விளிம்பின் வெளிவட்டம் பெரிது, உள்வட்டம் சிறிது. அதனால் சதுரம் சதுரமாகவே இருக்க முடியாது. உள்பக்கம் லேசாகக் குறுகும். அந்தக் குறுகல் கண்ணுக்கு உறுத்தாமல் இருந்தால் நல்ல கை.

அப்புறம் இணைப்பைத் தேடுங்கள். இந்தத் தேடல்தான் எனக்குப் பிடித்தது. சிக்குக் கோலத்தின் கம்பி மாதிரி, இந்த வரிசையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் சேர்ந்தாக வேண்டும். கையால் வரைந்ததில் கடைசி ஒன்றிரண்டு வடிவங்கள் நெருங்கியோ அகன்றோ இருக்கலாம். வடிவத்தைத் தாளில் அச்சிட்டுத் தட்டில் ஒட்டிப் பதித்ததில் வடிவம் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கலாம். பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு. வட்டக் கோடுகளுக்கு வேறு வழி: தட்டைச் சுழலும் மேடையில் வைத்து, தூரிகையை அசையாமல் பிடித்துக்கொள்வார்கள். கோடு முடியும் இடத்தில் நிறம் சற்றுத் தடிக்கும்.

விரலால் தடவுங்கள். வண்ணம் மேடாகத் தட்டுப்பட்டால் பளபளப்புப் பூச்சுக்கு மேலே தீட்டியது. தங்கக் கோடும் பெரும்பாலும் அப்படித்தான், அதனால்தான் சீக்கிரம் தேய்கிறது.

கடைசியாகப் பின்பக்கம். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவுக்கும் விற்ற ஆலைகள் அதற்காகப் பெயரைப் பொறித்தன. ஆகவே ‘இங்கிலாந்து’ என்று ஆங்கிலத்தில் முத்திரை இருந்தால், தட்டு பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

வாங்காமலே பழக வேண்டுமா? கோட்டைப் பகுதியில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் சீன, ஜப்பானியப் பீங்கான்கள் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று தடவ முடியாது. எண்ணலாம், இணைப்பைத் தேடலாம்.