கடல்குதிரை குட்டிங்கள முதல் சில வாரம் காப்பாத்துறது எப்படி

முதல்ல ஒண்ணு, இந்தியால கடல்குதிரை 2001லருந்து வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல அட்டவணை 1, அதாவது உச்சகட்ட பாதுகாப்பு உள்ள பட்டியல், வீட்ல வளக்குற கதையே கிடையாது. இது வெளிநாட்ல பண்ணைல பொறந்த ஜோடி வாங்கி வச்சிருக்கவங்களுக்கு.

ஆண் கடல்குதிரை குட்டி போட்டதும் குட்டிங்கள ஒரு கப்ல தண்ணியோடவே மொண்டு தனி டேங்குக்கு மாத்திடுங்க, வலை வேணாம், காத்து பட்டா வம்பு. இதுங்களுக்கு இரைப்பையே கிடையாது, தின்னது சட்டுனு வெளிய போயிடும், அதனால ஒரு நாளைக்கு 3, 4 தடவையாவது உயிரோட இருக்குற தீனி போட்டுட்டே இருக்கணும். கடல்குதிரைல எரெக்டஸ்ங்கற இனத்தோட குட்டின்னா அப்பதான் பொரிச்ச ஆர்ட்டீமியாவையே (உப்புத்தண்ணில வளர்ற குட்டி இறால் மாதிரி உயிரி) தின்னும், ரெய்டிங்கற இனத்தோட குட்டி ரொம்ப பொடிசு, கோப்பிபாட் (அதவிட பொடிசான கடல் உயிரி) இல்லாம கஷ்டம், புதுசா இறங்குறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க.

ஆர்ட்டீமியா முட்டைய உப்புத்தண்ணில போட்டு ஏர் விட்டு 27 டிகிரில வச்சா ஒரு நாள்ல பொரியும், ஆனா பொரிஞ்ச உடனே அதுக்கு வாயே திறந்திருக்காது, இன்னொரு அரை நாள் கழிச்சு ஒமேகா 3 என்ரிச்மென்ட் (சத்துக் கலவை) கலந்து அதுக்கு ஊட்டி அப்புறம் குட்டிங்களுக்கு குடுங்க. மேல மிதக்குற ஓடு மட்டும் டேங்க்ல போகவே கூடாது.

லைட்ட மேல வைக்காதீங்க, குட்டிங்க வெளிச்சத்த தேடி மேல வந்து காத்த முழுங்கி கார்க் மாதிரி மிதக்கும், மிதந்தா பொழைக்கிறது கஷ்டம்தான். சைடுல வைங்க, தண்ணி மெதுவா வட்டமா சுத்தட்டும். அடியில தங்குற கழிவ தினமும் சைஃபன் பண்ணிடுங்க, அதாவது குழாய் வச்சு உறிஞ்சி எடுத்துடுங்க.