பழைய வீட்டுச் சாப்பாட்டு அறைக்கு வால்பேப்பரா, பெயின்ட்டா? சுவரைக் கேட்டு முடிவு செய்யும் முறை

கடைக்குப் போய் கேட்டலாக்கைப் புரட்டுவதற்கு முன்னால் சுவரைச் சோதித்துவிடுங்கள். இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப்போவது அதுதான். கும்பகோணம் பக்கம் இருக்கும் எங்கள் குடும்ப வீட்டில், முற்றத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே உள்ள சாப்பாட்டுக் கூடத்தைப் புதுப்பிக்கலாம் என்று பேச்சு எடுத்ததும் பாதிப் பேர் வால்பேப்பர் என்றார்கள், பாதிப் பேர் பெயின்ட் என்றார்கள், எல்லோரும் நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நிறம் கடைசி விஷயம். ஓதம், அதாவது சுவருக்குள் ஊறும் ஈரம், ஏறும் சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த பேப்பரை ஒட்டினாலும் அடுத்த மழைக்காலத்தில் மூலை தூக்கிக்கொள்ளும், பெயின்ட் அடித்தாலும் அப்பளம் மாதிரி உப்பும்.

முதலில் சுவர் என்ன சுவர் என்று தெரிந்துகொள்ளுங்கள். பீரோவுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், ஓர் ஆணியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக, மிருதுவாகத் தூள் உதிர்ந்தால் சுண்ணாம்புக் காரை. சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்து ஆணி வழுக்கினால் சிமென்ட் பூச்சு. பழைய வீடுகளில் இரண்டும் கலந்து கிடக்கும், ஏனென்றால் அறுபது எழுபது வருஷத்தில் யாராவது ஒரு கொத்தனார் ஒரு மூலையைச் சிமென்டால் ஒட்டுப்போட்டிருப்பார். அதனால் நாலு சுவரையும் தனித்தனியாகப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் இருக்கும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி போல மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு உங்கள் வீட்டில் இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். அதன்மேல் எதையும் ஒட்டாதீர்கள், எதையும் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு அந்த வேலையைச் செய்யத் தெரிந்த கைகள் குறைவு.

அடுத்தது ஓதம். இங்கேதான் எனக்கு வேலை நின்றுபோனது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாதபடி டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரே இடத்தில் ஒட்டினால் போதாது. தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஒன்று, மூன்றடியில் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று. ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைப்பது, அடுக்களைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது இதெல்லாம் போதும். சோதனையை ஐப்பசி, கார்த்திகையில் செய்யுங்கள், வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் சோதித்தால் எல்லாச் சுவரும் காய்ந்த சுவர்தான்.

எங்கள் கூடத்தில் குழப்பம் என்னவென்றால், முற்றத்தை ஒட்டிய சுவரில் மூன்றடி உயரத்துக்கு யாரோ எப்போதோ ஆயில் பெயின்ட் பட்டை அடித்திருந்தார்கள். அந்தப் பட்டை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேலே, நாலடி உயரத்தில்தான் உப்புப் பூத்துக் காரை பொரிந்து கொட்டிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகுகிறதோ, மேலிருந்து நீர் இறங்குகிறதோ என்று கூரை ஓடுகளையெல்லாம் பிரித்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. காரணம் கீழே இருந்தது. அஸ்திவார ஈரத்தைச் செங்கல்லும் காரையும் திரிபோல மேலே உறிஞ்சும். வழக்கமாக அது இரண்டு மூன்றடிக்குள் காற்றில் ஆவியாகிப் போய்விடும். ஆயில் பெயின்ட் அந்த வழியை அடைத்துவிட்டதால், ஈரம் பட்டைக்குப் பின்னாலேயே ஏறிப்போய், பட்டை முடிகிற இடத்தில் வெளியே வந்து, கூடவே கொண்டுவந்த உப்பை அங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. பட்டையைச் சுரண்டி எடுத்து, அந்தக் கோடை முழுக்கச் சுவரை வெறுமனே விட்டோம். முற்றத்துப் பக்கம் சுவரோரமாய்த் தேங்கிய மழைநீருக்கு வாட்டம் எடுத்து வாய்க்கால் விட்டோம். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் வாரிக்கொட்ட வேண்டும், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடும்.

இதைப் புரிந்துகொண்டால் மீதி முடிவு பாதி எடுத்தாயிற்று. வினைல் வால்பேப்பர் என்பது சுவர் முழுக்கப் போர்த்திய பிளாஸ்டிக் தாள்தான். ஆயில் பெயின்ட் பட்டை மூன்றடிக்குச் செய்ததை அது பத்தடிக்கும் செய்யும். அதனால் உள்பக்கம் நீர் கோத்த எந்தச் சுவருக்கும் வால்பேப்பர் கிடையாது. அறைக்குள்ளேயே கை கழுவும் பேசின் இருந்தால் அதைச் சுற்றியும் கிடையாது, அங்கே டைல்ஸ் போடுங்கள்.

அப்புறம் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்பொத்தென்று வெற்றொலி கேட்கும் இடங்களில் காரை செங்கல்லை விட்டு விலகியிருக்கிறது. பென்சிலால் வட்டம் போட்டுக் கொத்தனாரிடம் காட்டிவிடுங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பாலேயே ஒட்டுப்போடச் சொல்லுங்கள்.

இப்போது, அந்த அறையில் எப்படிச் சாப்பிடுகிறீர்கள்? தரையில் பாய் விரித்து உட்காரும் வீடு என்றால் சாப்பிட்டு முடித்தவர்கள் அப்படியே சுவரில் சாய்வார்கள். இரண்டு, மூன்றடி உயரத்தில் வரிசையாக எண்ணெய்த் தலைகளின் தடம் விழும், பெரியவர்கள் வழக்கமாக உட்காரும் இடம் எது என்று சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். மேஜை நாற்காலி என்றால் நாற்காலியின் முதுகு உரசும். இரண்டுக்குமே அந்த உயரத்தில் சுவரைச் சுற்றி நாலங்குல மரச்சட்டம் அடித்துவிடுவதை நான் பலமாகச் சிபாரிசு செய்கிறேன். பழைய தேக்குச் சட்டம் ஊர்ப்பக்கம் மரக்கடைகளில் கிடைக்கும். சட்டத்துக்குக் கீழே ஒரு பூச்சு, மேலே வேறு பூச்சு என்று பிரித்துக்கொள்ளவும் அது வசதி.

சாம்பார், ரசம், மஞ்சள் தெறிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். காகித வால்பேப்பரில் பட்டால் போனதுதான். வினைலில் உடனே துடைத்தால் போகும். எமல்ஷன், அதாவது தண்ணீரில் கரைத்து அடிக்கும் பெயின்ட்டில் மஞ்சள் பட்டால் சோப்புத் தண்ணீர் போட்டதும் சிவக்கும், பதறாதீர்கள், திரும்பத் திரும்ப ஈரத்துணியால் துடையுங்கள், கொஞ்சம் வெயில் படும் சுவர் என்றால் மிச்சக் கறை தானாகவே மங்கிவிடும். புதிதாய் அடித்த சுண்ணாம்பிலும் மஞ்சள் சிவக்கும், ஆரத்தித் தட்டில் நடப்பது அதேதான். ஆனால் சுண்ணாம்புச் சுவரில் கறை ஒரு பிரச்சினையே இல்லை, மீதம் வைத்த சுண்ணாம்பை அந்த இடத்தில் மட்டும் ஒரு இழு இழுத்தால் முடிந்தது.

என் முடிவு இது. ஓதம் உள்ள சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பால் வெள்ளையடிப்பதுதான், அது ஈரத்தை அடைக்காமல் வெளியே விடும், வேறு பேச்சே இல்லை. காய்ந்த சிமென்ட் சுவருக்கு நல்ல எமல்ஷன். வால்பேப்பர் ஆசை இருந்தால் வீட்டின் உட்புறச் சுவர் ஒன்றில் மட்டும், அதாவது இரண்டு பக்கமும் அறை இருக்கும் சுவரில், மரச்சட்டத்துக்கு மேலே மட்டும். நாலு சுவரிலும் ஒட்டாதீர்கள். தேக்கு உத்திரம் இருக்கும் பழைய வீட்டில் கரையான் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வெறும் சுவரில் மண்கோடு தெரிந்தால் அன்றைக்கே தட்டிவிட்டு மருந்து அடிக்கலாம், பேப்பருக்குப் பின்னால் ஏறினால் உத்திரத்தைத் தொட்ட பிறகுதான் தெரியும்.

வால்பேப்பர் என்று முடிவானால் கணக்கை நீங்களே போடுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் கிடைக்கும் ரோல் 21 அங்குல அகலம், 10 மீட்டர் நீளம், அதாவது 33 அடிக்குச் சற்றுக் குறைவு. கடையில் 57 சதுர அடி என்று சொல்லி மொத்தச் சதுர அடியை அதால் வகுத்துக் கொடுப்பார்கள். அப்படி வகுக்காதீர்கள், துண்டுக் கணக்குப் போடுங்கள். 12 அடி நீளச் சுவருக்கு 21 அங்குலத் துண்டு 7 வேண்டும். ஒட்டும் உயரம் 10 அடி என்றால் ஒரு ரோலில் 3 துண்டு வரும், ஆக 3 ரோல். உயரம் 11 அடி ஆகிவிட்டால் மூன்றாவது துண்டு வராது, ரோலுக்கு 2 துண்டுதான், அதே சுவருக்கு 4 ரோல். பழைய வீடுகளில் உயரம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். மரச்சட்டத்துக்கு மேலே மட்டும் ஒட்டினால் 8 அடி, ரோலுக்கு 4 துண்டு, 2 ரோலில் முடிந்துவிடும். பூ வேலைப்பாடு சேர வேண்டிய டிசைன் என்றால் துண்டுக்குத் துண்டு இன்னும் வீணாகும், அப்போது 8 அடிக்கும் 3 துண்டுதான் வரலாம். எல்லா ரோலிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் நிறம் ஒரு சாயல் மாறும்.

வாங்கும்போது நான்-வோவன், அதாவது நெய்யாத இழைத்தாள் வகை, என்று கேட்டு வாங்குங்கள். அதற்குப் பசையைச் சுவரில் தடவினால் போதும், பேப்பர் ஊறி நீளாது, பின்னால் எடுக்கும்போதும் முழுசாக உரிந்து வரும். ஒட்ட ஆரம்பிக்கும்போது சுவரின் மூலையை நம்பாதீர்கள். பழைய வீட்டு மூலைகள் நேராக இருக்காது. தூக்குக்குண்டு விட்டுப் பென்சிலால் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, முதல் துண்டை அந்தக் கோட்டில் நிறுத்துங்கள், மூலைக்கு வரும் இடத்தில் பேப்பரை வெட்டிக்கொள்ளலாம்.

எமல்ஷனுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பெயின்ட்டர்களுக்குத் தெரிந்த வேலை. புதுப்பூச்சு என்றால் 28 நாளாவது ஆற விடுங்கள். பட்டி (சுவரின் குழியை நிரப்பும் பூச்சு), எமரித்தாள், பிரைமர் (பெயின்ட் பிடிக்க அடிக்கும் அடிப்பூச்சு), இரண்டு கோட்டு. பளபளப்பு அதிகமுள்ள வகையைத் தவிருங்கள், கழுவச் சுலபம்தான், ஆனால் விளக்கு போட்டதும் பழைய சுவரின் மேடு பள்ளம் அத்தனையும் தெரியும். லேசான பளபளப்புள்ள, கழுவக்கூடிய வகை சாப்பாட்டு அறைக்குச் சரி. பழைய வெள்ளைப்பூச்சின் மேலே நேராக எமல்ஷன் அடிக்க மட்டும் விடாதீர்கள். விரலில் வெள்ளை ஒட்டாத வரைக்கும் சுரண்டியாக வேண்டும். எங்கள் பெயின்ட்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுமேல பட்டி வச்சா நிக்காது, பட்டிக்குக் குடுக்கற காசுக்கு நீங்க சுண்ணாம்பே வாங்கிடலாம்" என்று நேராகச் சொன்னார். அப்படிச் சொல்லும் ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

வெள்ளையடிப்பதை நீங்களே செய்யலாம். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதுதான் என் விருப்பம். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், நீற்றும்போது கொதிக்கும். இரும்புச் சட்டியில் தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள். கண்ணாடி, கையுறை கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போங்கள். ஓரிரு நாள் ஊறியதும் பழைய வேஷ்டியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் வேலம்பிசினைக் கரைத்துச் சேருங்கள். வெண்மை தூக்கலாகத் தெரிய ஒரு சிட்டிகை நீலம். நிறம் வேண்டுமென்றால் காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்கள்தான் சுண்ணாம்பில் நிலைக்கும்.

சுவரில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டு மெல்லிசாக அடியுங்கள். அடித்தவுடன் ஒன்றுமே அடிக்காத மாதிரி சுவர் அப்படியே தெரியும். அவசரப்பட்டு இன்னொரு முறை கெட்டியாக இழுக்காதீர்கள், காய்ந்த பிறகுதான் வெளுக்கும். ஒரு நாள் விட்டு அடுத்த கோட்டு, இப்படி மூன்று. கெட்டியாக அடித்தால்தான் தூள் உதிர்ந்து சட்டையில் ஒட்டும்.

பின்னால் சேர்த்தது: ஏற்கெனவே ஒட்டிய பேப்பரைச் சுண்ணாம்புச் சுவரிலிருந்து எடுத்தால் காரையும் சேர்ந்து வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். காய்ந்த பேப்பரை இழுக்கக் கூடாது. வினைல் என்றால் மேல்தோலை முதலில் கீறிவிட்டு, வெதுவெதுப்பான நீரை ஸ்பாஞ்சால் ஒற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, அகலமான பட்டி பிளேடைச் சுவரோடு படுக்கவைத்துத் தள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சுவர் போதும். பசையை முழுக்கத் துடைத்தெடுங்கள், மாவுப்பசை மிச்சமிருந்தால் பூஞ்சணம் அங்கேதான் பிடிக்கும். பிறகு சுவர் நன்றாகக் காயட்டும். காய்ந்த பின் பாலித்தீன் சோதனையைத் திரும்பச் செய்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.