சபையை விட்டு வெளியேறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில கிறிஸ்தவ சபைகளில் காணிக்கைக் கணக்கைக் கேட்டவரை அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலேயே குத்திக்காட்டுகிறார்கள். யாரைக் கல்யாணம் செய்வது, எந்த வேலைக்குப் போவது என எல்லாவற்றுக்கும் பாஸ்டரின் உத்தரவு வேண்டும். இப்படிப்பட்ட சபையை விட்டு வர நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, சாபம் வந்துவிடும் என்ற பயத்தில் அங்கேயே இருந்துவிடுவது.

"நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்ற வசனத்தைச் சொல்லியே பலரின் வாயை அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து 105ஆம் சங்கீதத்தை 12ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபின் குடும்பத்தார். சொந்த நிலமில்லாமல் அலைந்த கொஞ்சம் பேர். அவர்களை ஒடுக்க விடாமல் கர்த்தர் கடிந்துகொண்டது ராஜாக்களை. எளியவர்களைக் காத்த வசனத்தை அதிகாரத்தில் இருப்பவர் தனக்குக் கேடயமாகப் பிடிப்பது பெரிய அநியாயம்.

அடுத்த தவறு, மன்னித்துவிட்டால் திரும்பிப் போயே ஆகவேண்டும் என்று நம்புவது. "மன்னிச்சுட்டேன்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் வரலை?" என்று வீடு தேடி வந்து கேட்பார்கள். பதில் தெரியாமல் திணறியபோது எனக்கு உதவியது தாவீதின் கதைதான். தன்மேல் ஈட்டி எறிந்து, கொல்லத் தேடிய ராஜாவாகிய சவுல், எங்கேதி குகையில் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் தாவீது அவருடைய சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்தான். அதற்கே அவன் மனம் அடித்துக்கொண்டது. பிறகொரு இரவு, தூங்கிக்கொண்டிருந்த சவுலின் தலைமாட்டிலிருந்து ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு, தூரத்து மலையுச்சியில் நின்று கூப்பிட்டான். சவுல், "நான் பாவஞ்செய்தேன், என் குமாரனாகிய தாவீதே, திரும்பிவா" என்கிறார். தாவீது என்ன செய்தான்? ஈட்டியை வாங்கிக்கொள்ள ஒரு ஆளை அனுப்பச் சொன்னான். தன் வழியே போய்விட்டான். 1 சாமுவேல் 26இன் கடைசி வசனத்தைப் பாருங்கள். பழிவாங்கவும் இல்லை, ஈட்டி எறியும் வீட்டுக்குத் திரும்பவும் இல்லை.

வெளியேறும் விதத்திலும் தவறுகள் உண்டு. சபை வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதிவிட்டு வெளியேறாதீர்கள். நான் அப்படிச் செய்தேன். நான் எழுதியதில் உண்மை இருந்தது, ஆனால் அதைப் படித்துக் கலங்கியவர்கள் எனக்கு எந்தத் தீங்கும் செய்யாத வயதான அம்மாக்கள். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. "வீடு தூரமாயிடுச்சு" என்று பொய்க் காரணமும் வேண்டாம். முதலில் தனியாக, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போய்ப் பேசு என்கிறது மத்தேயு 18. மிரட்டும் சுபாவமுள்ளவர் என்றால் ஆரம்பத்திலேயே நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப் போங்கள். சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஞாயிறு பள்ளி வகுப்பு, காணிக்கைப் பெட்டிச் சாவி, கணக்கு நோட்டு என்று கையில் இருப்பதை ஒப்படையுங்கள்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளில் இருப்பவர்கள் ஞானஸ்நானச் சான்றையும் சபை மாறுவதற்கான கடிதத்தையும் முறையாக வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையின் கல்யாணத்துக்கு ஓலை (சபையில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எழுதும்போதும், வீட்டில் ஒரு மரணம் நேர்ந்து கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும்போதும் அது இல்லாமல் அலைய வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமாதானம் என்ற பெயரில் வாய்மூடிப் போகவே கூடாது. குழந்தையிடம் யாராவது தவறாக நடந்திருந்தால், அது சபைக்குள் பேசி முடிக்கிற காரியம் இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆகவேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் உதவி கேட்கலாம். சபையின் பெயர் கெடுமே என்று மறைப்பவர்கள் அந்தக் குழந்தையை இன்னொரு முறை காயப்படுத்துகிறார்கள்.

அப்புறம், அடுத்த வாரமே வேறொரு சபையில் பாடல் குழுவில் சேர்ந்துவிடாதீர்கள். சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள் என்று எபிரெயர் நிருபம் சொல்வது சரிதான், ஆனால் பொறுப்புகளை உடனே ஏற்கச் சொல்லவில்லை. சில மாதம் கடைசி வரிசையில் உட்காருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். கணக்குக் கேட்பவரை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று கவனியுங்கள்.

பழைய சபைக்காரர்களைக் கல்யாண வீட்டில் பார்த்தால் விலகிப் போகாதீர்கள். ஸ்தோத்திரம் சொல்லுங்கள், அவர்கள் அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பேச்சு பாஸ்டர் பக்கம் திரும்பினால், சாப்பிட்டீர்களா என்று கேட்டுப் பந்திக்குக் கூட்டிப் போங்கள்.