அமெரிக்கக் கனவைக் கொஞ்சம் விட்டுவையுங்கள்: இலக்கியக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் பதினோராம் வகுப்பில்தான் அமெரிக்க இலக்கியம் வரும். ஹாதார்ன், ட்வெயின், ஃபிட்ஸ்ஜெரால்ட், மில்லர், ஹான்ஸ்பெர்ரி என்று வரிசையாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுப்பாய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் வரைவைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார்கள். கல்லூரியில் இலக்கியம் படித்தபோது நான் எழுதிக் குவித்த அதே அசட்டுத்தனங்கள் அச்சுப் பிசகாமல் அவற்றில் இருக்கும்.

எழுத்துப்பிழை, பக்க எண் போடாத மேற்கோள், கதைச் சுருக்கத்தையே கட்டுரை என்று நினைப்பது, இதையெல்லாம் பள்ளியிலேயே சொல்லிவிடுவார்கள். நான் சொல்லப்போவது மற்றவை.

எல்லாவற்றுக்கும் அமெரிக்கக் கனவு

உழைத்தால் யாரும் முன்னேறலாம் என்ற நம்பிக்கையைத்தான் அமெரிக்கக் கனவு என்பார்கள். கட்டுரையில் இது ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலைப் பற்றிய கட்டுரை என்றால் முதல் பத்தியின் கடைசி வரி இப்படித்தான் இருக்கும்: "பச்சை விளக்கு அமெரிக்கக் கனவின் சின்னம், அந்தக் கனவு வெறும் மாயை என்று ஆசிரியர் காட்டுகிறார்." ஒரு பையன் இதே வரியை மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' கட்டுரையிலும் வைத்திருந்தான். அப்புறம் ஹான்ஸ்பெர்ரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' கட்டுரையிலும். விளக்குக்குப் பதில் ஒன்றில் வில்லி லோமன் ராத்திரியில் ஊன்றும் விதைகள், இன்னொன்றில் அம்மாவின் தொட்டிச் செடி. கேட்டதற்குப் பெருமையாகச் சொன்னான்: "ஆன்ட்டி, இது எல்லா புக்குக்கும் செட் ஆகும்."

அதுதான்டா சிக்கல் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

அந்த வரி பொய்யில்லை. தீசிஸுக்கான, அதாவது கட்டுரையின் மைய வாதத்துக்கான, மதிப்பெண்ணைக்கூட வாங்கிக் கொடுத்துவிடும். ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) இலக்கியத் தேர்வில் ஒரு கட்டுரைக்கு 6 மதிப்பெண்: தீசிஸுக்கு 1, சான்றும் விளக்கமும் சேர்த்து 4, சிந்தனையின் நுட்பத்துக்கு 1. அடி விழுவது நடுவில் இருக்கும் அந்த நான்கில். விடையைத்தான் முதல் பத்தியிலேயே சொல்லியாயிற்றே. இரண்டாம் பத்தியில் எந்தக் காட்சியைக் கொண்டுவந்தாலும் "இதுவும் கனவின் தோல்வியைக் காட்டுகிறது" என்றுதான் முடிக்க வேண்டியிருக்கும். மூன்றாம் பத்தியிலும் அதே கதைதான். படிக்கிற ஆசிரியருக்கு இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி வந்துவிடும்.

புத்தகத்தைத் திறந்து அந்த விளக்கை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். முதல் அத்தியாயத்தின் முடிவில் கேட்ஸ்பி இருட்டில் கையை நீட்டியபடி நிற்கிறான். எங்கோ தூரத்தில் சின்னதாக ஒரு பச்சை வெளிச்சம். அது யார் வீட்டு விளக்கு என்று கதை சொல்லும் நிக்குக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் ஏங்கிய காதலி டெய்சி அவன் பக்கத்திலேயே நிற்கிறாள். உன் வீட்டுப் படகுத்துறையில் ராத்திரி முழுக்க ஒரு பச்சை விளக்கு எரியும் என்று அவளிடமே சொல்கிறான். சொன்னதோடு அது சாதாரண விளக்காகிவிடுகிறது. அவனை மயக்கிவைத்திருந்த பொருள்களில் ஒன்று குறைந்துபோனது என்கிறான் நிக். கவனியுங்கள், டெய்சி இன்னும் அவனைக் கைவிடவில்லை. அவள் கிடைத்த நாளிலேயே விளக்கு அணைந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தில், கேட்ஸ்பி செத்த பிறகு நிக் அதே விளக்கை நினைக்கும்போது, 'அவன்' என்று தொடங்கிய பேச்சு 'நாம்' என்று மாறுகிறது.

ஒரே விளக்குக்கு மூன்று நிலை. ஆசைப்பட்டது கைக்கெட்டியதும் ஏன் சிறுத்துப்போகிறது? செத்தவனின் ஏக்கத்தை நிக் ஏன் நம் எல்லோர் தலையிலும் ஏற்றுகிறான்? இதில் ஏதாவது ஒரு கேள்விக்கு உங்களுடைய பதில் என்னவோ, அதுதான் தீசிஸ். விளக்கு இன்னதற்குச் சின்னம் என்று முதலிலேயே முத்திரை குத்திவிட்டால் இந்த மாற்றம் எதுவும் கண்ணில் படாது.

இன்னொன்று. நாவல் வந்தது 1925இல். 'அமெரிக்கக் கனவு' என்ற தொடரைப் பிரபலமாக்கிய ஜேம்ஸ் ட்ரஸ்லோ ஆடம்ஸின் நூல் வந்தது 1931இல். அதற்காக அந்தத் தொடரைத் தொடவே கூடாது என்றில்லை. அதை விளக்குவதற்காகவே ஃபிட்ஸ்ஜெரால்ட் நாவல் எழுத உட்கார்ந்ததுபோல் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

ஹான்ஸ்பெர்ரியின் நாடகத்தில் இந்தக் குறுக்குவழி இன்னும் மோசம். ஒரே வீடு, ஒரே இன்ஷூரன்ஸ் காசோலை, 10,000 டாலர். அம்மாவுக்குச் சொந்த வீடு வேண்டும், வால்டருக்கு மதுக்கடை, பெனீத்தாவுக்கு மருத்துவப் படிப்பு. மூன்றையும் 'கனவு' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் நாடகத்தை நகர்த்தும் சண்டையே காணாமல் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உங்கள் தீசிஸில் புத்தகத்தின் பெயரை அடித்துவிட்டு இன்னொரு புத்தகத்தின் பெயரை எழுதிப் பாருங்கள். வாக்கியம் அப்படியே நிற்கிறதா? அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கதை சொல்பவரும் எழுதியவரும்

அடிமைக்கு உதவுவது பாவம் என்று மார்க் ட்வெயின் நம்பியதாக ஒரு பெண் எழுதியிருந்தாள். மேற்கோளும் சரியாகவே இருந்தது: 'ஹக்கிள்பெர்ரி ஃபின்' நாவலில், தப்பியோடிய அடிமை ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி அவன் எஜமானி மிஸ் வாட்சனுக்கு எழுதிய கடிதத்தை, நரகத்துக்குப் போனாலும் சரி என்று கதை சொல்லும் சிறுவன் ஹக் கிழித்துப் போடும் இடம். நம்புவது ஹக். அவனை வளர்த்த ஊர் அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறது. தான் கெட்டுப்போய்விட்டதாக அந்தப் பையன் நினைக்கும் அதே நொடியில்தான் அவன் எவ்வளவு நல்லவன் என்று நமக்குத் தெரிகிறது. இந்த இடைவெளியைப் பற்றியே ஒரு முழுக் கட்டுரை எழுதலாம்.

நிக்கும் அப்படித்தான். யாரையும் எடைபோட மாட்டேன் என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, ஒன்பது அத்தியாயமும் எல்லோரையும் எடைபோடுகிறான். அவன் சொல்வதை ஃபிட்ஸ்ஜெரால்டின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எழுதிய காலமும் கதை நடக்கும் காலமும்

மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகம் நடப்பது 1692இல், சூனியக்காரர்கள் என்று பலரைத் தண்டித்த அமெரிக்கச் சேலம் ஊரில். மேடையேறியது 1953இல், செனட்டர் மெக்கார்த்தி காலத்துக் கம்யூனிஸ்ட் வேட்டையின் நடுவில். 'ஹக்கிள்பெர்ரி ஃபின்' அமெரிக்காவில் வெளிவந்தது 1885இல். அடிமைமுறை 1865லேயே ஒழிந்துவிட்டது, ஆனால் கதை நடப்பது அதற்கும் முன்னால். இரண்டு காலத்தையும் குழப்பிக்கொண்டால் வாதமே சரிந்துவிடும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: மெக்கார்த்தியைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதுவது. அது வரலாற்றுக் கட்டுரை. கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தை நாடகத்தின் நாயகன் ப்ராக்டர் ஏன் தானே கிழிக்கிறான் என்பதைச் சொல்லத்தான் உங்களை உட்காரவைத்திருக்கிறார்கள்.

ஃப்ராஸ்டின் இரண்டு பாதைகள்

ஃப்ராஸ்டின் 'தி ரோட் நாட் டேக்கன்' கவிதையில் ஒருவன் இரண்டு பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேய்ந்திருந்தன என்று கவிதையே சொல்கிறது. தனித்துவத்தின் பெருமை என்று எழுதும் முன் நடுவில் இருக்கும் வரிகளையும் படியுங்கள்.

படம் பார்த்துவிட்டு எழுதுவது

2013இல் வந்த கேட்ஸ்பி படத்தில் நிக் ஒரு சானடோரியத்தில் உட்கார்ந்து கதை எழுதுகிறான். நாவலில் சானடோரியமே கிடையாது. உங்கள் பள்ளி ஆசிரியருக்கு இது தெரியும்.

மேற்கோளோடு பத்தியை முடிப்பது

கூடாது.

முடிவுரை

தேர்வறையில் நேரம் போதவில்லையா? முடிவுரையை விட்டுவிடுங்கள். ஏபி தேர்வில் அதற்கென்று தனி மதிப்பெண் இல்லை. மிச்சமிருக்கும் ஐந்து நிமிடத்தில், மூன்றாம் பத்தியில் அந்தரத்தில் விட்ட மேற்கோளுக்கு இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள்.