இலைத்துளைகளை எண்ண நெயில் பாலிஷ் போதும்

உயிரியல் செயல்திட்டத்துக்கு இலைத்துளை (இலை காற்றையும் நீராவியையும் பரிமாறும் நுண்துளை, stomata) அச்சு அருமையான தேர்வு. மாணவர் தாமே எண்ணி, கணக்கிட்டு, காரணமும் தேடலாம்.

இலையின் அடிப்பக்கத்தில், நடு நரம்பைத் தவிர்த்து, நகத்தளவு இடத்தில் நிறமற்ற நெயில் பாலிஷை ஒரே இழுப்பில் மெல்லிசாகத் தடவுங்கள். 15 நிமிடம் காயட்டும். செல்லோடேப்பை அதன்மேல் அழுத்தி, மெதுவாக உரித்து, ஸ்லைடில் ஒட்டுங்கள். தண்ணீர், கவர்ஸ்லிப் எதுவும் வேண்டாம்.

பெரும்பாலும் கெடுவது பூச்சில்தான். கனமாகப் பூசினால் உள்ளே குமிழி நிற்கும்; அரைகுறையாகக் காய்ந்தால் உரிக்கும்போது அச்சு இழுபட்டு, துளைகளின் வடிவமே மாறிவிடும். ரோமம் அடர்ந்த இலைகளில் அச்சு சரியாக விழாது.

நுண்ணோக்கியில் 400 மடங்கில் (40 மடங்குப் பொருளருகு லென்ஸ்) பாருங்கள். அவரைவிதை வடிவக் காப்புச் செல்கள் இரண்டு சேர்ந்தது ஒரு துளை. கண்ணருகு லென்ஸின் புல எண் (field number) 18 என்றால் பார்வை வட்டத்தின் விட்டம் 18 ÷ 40 = 0.45 மி.மீ., பரப்பு சுமார் 0.16 சதுர மி.மீ. அதில் 20 துளைகள் இருந்தால், சதுர மி.மீட்டருக்கு 125. ஐந்து இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள்; ஒரே இடத்தை நம்பக்கூடாது.

மிதக்கும் அல்லி இலையையும் துடைத்து உலர்த்திச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் துளைகள் மேல்பக்கத்தில்தான் இருக்கும். ஏன் என்பதை மாணவர்களே விளக்கட்டும்.