ரகசியமாக நடந்தபோது எடை குறையவில்லை

மூன்று முறை தனியாக முயன்று, மூன்று முறையும் இரண்டாவது வாரத்தில் கைவிட்டேன். எடை 84 கிலோ. யாரிடமும் சொல்லவில்லை, தோற்றால் கேலி செய்வார்களே என்ற பயம்.

நான்காவது முறை, தி.நகர் நடேசன் பூங்காவில் தினமும் காலையில் நடக்கும் இரண்டு பெரியவர்களிடம் வாய்விட்டுச் சொன்னேன். "நாளைக்கு வராவிட்டால் போன் செய்வோம், தம்பி" என்றார்கள். செய்தார்கள். கொட்டும் மழையிலும் செய்தார்கள், அது கொஞ்சம் அதிகம்தான். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரை மணி நேரம் என்று பிரித்துக்கொண்டோம்.

அம்மாவிடம் வேறு வழி. "சாதம் போதும்" என்றால் முகம் வாடிவிடும். "இன்னும் கொஞ்சம் கீரைக்கூட்டு வை, அம்மா" என்று கேட்கத் தொடங்கினேன். தட்டில் சாதத்துக்கு இடம் தானாகக் குறைந்தது. அம்மாவுக்கும் பரிமாறிய திருப்தி. அலுவலகத்தில் நான்கு மணிக்கு பஜ்ஜி வாங்கிவரும் நண்பர் மட்டும் திருந்தவில்லை. ஒரு வாழைக்காய் பஜ்ஜியோடு சமாதானமாகிவிட்டோம்.

ஐந்து மாதத்தில் 77 கிலோ. போன வாரம் பெரியவர்களில் ஒருவர் வரவில்லை. இந்த முறை போன் செய்தது நான்.