பெங்களூருக்கு ஆட்டிசம் குழந்தையோடு வருகிறீர்களா? வீட்டுத் தமிழை நிறுத்தாதீர்கள்

வீடு, ஸ்கூல், கேஸ் கனெக்‌ஷன் எல்லாம் ஒரு மாதத்தில் எப்படியோ அமைந்துவிடும். ஆனால் வீட்டில் தமிழ், கீழே விளையாடுகிற இடத்தில் கன்னடம், ஸ்கூலில் இங்கிலீஷ், பேச்சே சரியாக வராத பிள்ளைக்கு இத்தனை மொழி எதற்கு என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். எங்களிடம் ஒரு தெரபி சென்டரிலேயே, வீட்டிலும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றார்கள். நம்பி ஆறு மாதம் அப்படியே செய்தோம். எனக்கு வரும் இங்கிலீஷில் "கம், சிட், ஈட்" தவிர மகனிடம் சொல்ல எதுவும் இல்லை, தூங்க வைக்கும்போது சொல்லும் கதை நின்றுபோனது, பாட்டி போனில் கூப்பிட்டால் எழுந்து போய்விடுவான். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் குழந்தைகளின் பேச்சு கூடுதலாகத் தள்ளிப்போவதில்லை. கனடாவில் ஹாம்பிளி, ஃபோம்போன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது, பின்னால் வந்த ஆய்வுகளும் அப்படித்தான். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசினால்தான் பேச்சு நீளும்.

அப்புறம், சொன்னதையே திருப்பிச் சொல்லும் எக்கோலேலியா. தாகம் எடுத்தால் என் மகன் "தண்ணி வேணுமா?" என்பான், நாங்கள் கேட்கிற கேள்வியே அவனுக்குக் கேட்கும் முறை. தமிழ் தெரியாத தெரபிஸ்டுக்கு இது அர்த்தமில்லாத சத்தம். அதனால் இப்படி அவன் சொல்வதையெல்லாம் எழுதி, வீட்டில் பேசும் வீடியோவும் எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் நாங்கள் கேள்வியை விட்டுவிட்டு, அவன் சொல்ல வேண்டியதை அவன் பக்கமிருந்தே "தண்ணி வேணும்" என்று சொல்லிக்கொண்டே டம்ளரைக் கொடுத்தோம்.

தமிழ் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், இந்த ஊரில் தமிழ் புரிகிறவர்கள் நிறைய. ஓசூர் ரோட்டிலுள்ள நிம்ஹான்ஸ் என்கிற மத்திய அரசு மனநல, நரம்பியல் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மனநலப் பிரிவும் பேச்சுப் பிரிவும் உண்டு. காது பரிசோதனை செய்யாமல் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். தமிழ்நாட்டில் வாங்கிய யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) இங்கேயும் செல்லும். பேச்சு வராத பிள்ளைக்குப் படத்தைத் தொட்டுப் பேசும் ஆப் வேண்டுமானால், சென்னையில் உருவான 'ஆவாஸ்' தமிழிலும் இருக்கிறது, பேச்சு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கன்னடத்துக்கும் பயப்படாதீர்கள். "பா" என்றால் வா, "நீரு" என்றால் தண்ணீர், பிள்ளைக்கு ரொம்ப தூரமில்லை. ஸ்கூல் வேனில் வரும் ஆயாவுக்காக ஒரு அட்டையில் கன்னடத்தில் எழுதி மகனின் பையில் மாட்டியிருக்கிறோம்: "'தண்ணி வேணுமா' என்று இவன் சொன்னால் இவனுக்குத்தான் தாகம், பாட்டில் பக்கவாட்டுப் பையில் இருக்கிறது."